தாழ்ப்பாள் பாட்டு

மார்கழிப் பனி வயல் மேல் அப்படியே படுத்திருந்தது. சேற்றில் கால் வைத்தால் முழங்கால் வரைக்கும் விறைத்துப் போகும். உத்திரமேரூருக்குத் தெற்கே ஏரிமேட்டுக் காலனிப் பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டு போனார்கள். வரப்பிலிருந்து நாற்றுக் கட்டுகளை வீசியபடி சொக்கம்மாள் ஆட்களை விரட்டினாள். நடவுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிவருகிறவள் அவள்தான்.

"கை ஓடட்டும்டி. வெயிலு ஏறிக்கினா அப்புறம் இடுப்பு ஒடஞ்சிடும்."

குளிர் தெரியாமல் இருக்கட்டும் என்று ஆதிலட்சுமி தன் போனை பிளாஸ்டிக் பையில் சுற்றி வரப்பில் வைத்துப் பாட்டு போட்டிருந்தாள். அவள் செய்யாற்றுப் பக்கத்திலிருந்து அந்தக் காலனிக்குப் புதிதாக வாழ வந்தவள். இரண்டு சினிமாப் பாட்டு முடிந்ததும் தனியாக ஒரு கிட்டார் கேட்டது. அதற்கு மேல் கரகரத்த ஒரு பெண் குரல் ஏறி வந்தது.

*தாப்பா மேல வெச்ச கையி*
*தொறக்கலாமா வாணாமான்னு நின்னுச்சு*
*மயையில கூப்ட்ட கொரலு*
*கலங்கத் தண்ணியோட போச்சு*

வரிசையில் பேச்சு நின்றுபோனது. யாரும் நிமிரவில்லை.

"ஏய், அத்த நிறுத்து" என்றாள் சொக்கம்மாள்.

"ஏன்க்கா, நல்லாத்தான கீது? எங்க ஊர்ல எல்லாருக்கும் இதான் ரிங்டோனு. ஆனா அந்தப் பொம்பளைக்கு இன்னா கல்லு மனசு பாத்தியா? கட்டுனவன் மயையில நின்னு கூப்புடுறான், தொறக்கலியாமே."

ஆதிலட்சுமியின் பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்தவள் அவள் தொடையில் கிள்ளினாள். வரிசையின் கடைசியில் இருந்த அம்முலு கையிலிருந்த நாற்றை ஊன்றினாள். அடுத்ததையும் ஊன்றினாள். தன் பங்கு வரப்பில் போய் முட்டுகிற வரைக்கும் நட்டு முடித்தாள். பிறகு மேலேறி, வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு நடந்தாள். அந்தப் பருவத்தில் அவள் மறுபடி நடவுக்கு வரவில்லை.

பாடியது அம்முலுவின் நாத்தனார் சுகிர்தா. பாட்டில் வருகிற பெண் அம்முலு.

சுகிர்தாவின் அப்பா வேதகிரி உத்திரமேரூர் நெல் மண்டியில் மூட்டை தூக்கியவர். இடுப்பு போன பிறகு வீட்டோடு இருந்தார். அம்மா நோயில் போனபோது சுகிர்தா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். காலனிக் கோவிலில் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுக்கு ஒரு கிட்டார் இருந்தது. ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு அதை மடியில் போட்டுக்கொண்டு தடவிக்கொண்டிருப்பாள். அதைப் பார்த்த அண்ணன் ஜான் ஒருநாள் செங்கல்பட்டில் பழைய கிட்டார் ஒன்றை வாங்கி, டிப்பர் லாரியில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டுவந்தான். கல்குவாரி லாரி ஓட்டிக்கொண்டிருந்தான் அவன். "பாடு. ஆனா சர்ச்சுப் பாட்டு மட்டும் வாணாம், போரடிக்குது" என்றான்.

பன்னிரண்டாவது முடித்துவிட்டு ஒரகடம் பக்கத்துக் கம்பெனி ஒன்றுக்கு ஒப்பந்த வேலைக்குப் போனாள். விடியுமுன்னே கம்பெனி பஸ் வந்துவிடும். அந்த இரைச்சலில் தான் முணுமுணுப்பது யாருக்கும் கேட்காது என்பதால் அவளுக்குப் பாட்டு வந்தது. பக்கத்தில் இருப்பவள் தோளில் தலை சாய்த்துத் தூங்குகிற பெண்களைப் பற்றி ஒன்று, ஷிப்டு முடிந்து வரும்போது கண்ணாடியில் தெரிகிற தன் முகத்தைப் பற்றி ஒன்று. மெட்டும் அவளுடையதே, வார்த்தையும் அவளுடையதே. ஒப்பந்தம் முடிந்து வெளியே அனுப்பியபோது பல்லாவரத்தில் ஒரு சின்ன அறையில் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்த டேனியல் அவளுடைய போன் பதிவைக் கேட்டுவிட்டுக் கூப்பிட்டான். சென்னையில் ஹாஸ்டலில் தங்கினாள். கல்லூரி விழாக்கள், சிறு அரங்குகள், மாடியில் காப்பிக் கடை வைத்திருப்பவர்களின் சனிக்கிழமைக் கூட்டங்கள் என்று பாடினாள். கேட்பவர்கள் கொஞ்சம் பேர்தான். கேட்டவர்கள் மறக்கவில்லை.

அப்போதுதான் ஓர் ஐப்பசி அடைமழையில் ஜான் செத்துப்போனான். இரவு வெகுநேரம் கழித்துக் குடித்துவிட்டு வந்தவன் கதவைத் தட்டினான். கதவு திறக்கவில்லை. திரும்பிப் போனான். ஏரி நிரம்பி, கலங்கல் வழிந்து, தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. விடிந்து பார்த்தபோது கீழே வேலிக்காத்தான் புதரில் கிடந்தான்.

அடக்கம் முடிந்த பிறகு, அடுப்படியில் சுகிர்தாவின் மடியில் தலையைக் கவிழ்த்து அம்முலு எல்லாவற்றையும் சொன்னாள். தூங்கிவிட்டாள் என்றுதான் ஊர் நினைத்திருந்தது. தூங்கவில்லை. கதவுக்குப் பின்னால் தாழ்ப்பாள் மேல் கையை வைத்தபடி, அவன் கூப்பிட்டதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றிருந்தாள். அதை அவள் வேறு யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு வருஷம் கழித்து அந்தக் கை பாட்டாகி வந்தது. டேனியல் அதை இணையத்தில் ஏற்றிய வாரத்திலேயே எங்கெங்கோ கேட்டது. டவுன் பஸ்ஸில் கேட்டது, செல்போன் கடையில் கேட்டது. அதற்குப் பிறகு சுகிர்தா எந்த மேடைக்குப் போனாலும் மற்றப் பாட்டுகளைப் பொறுத்துக்கொண்டு, 'தாப்பா' எப்போது வரும் என்று ஜனங்கள் காத்திருந்தார்கள்.

வேதகிரியும் காத்திருந்தார். மகள் வாங்கித் தந்த போனில் தினமும் சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்து அதைப் போடுவார். மகன் அந்தப் பாட்டுக்குள் நடமாடிக்கொண்டிருப்பதாக அவருக்குத் தோன்றும். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி போடுவார். உள்ளே அம்முலு சோறு வடித்துக்கொண்டிருப்பாள்.

தை கழிந்து காலனிக் கோவிலில் அறுப்பின் பண்டிகை வந்தது. சுகிர்தா பாட வேண்டும் என்று சபையார் கேட்டு, அவள் முகத்தைப் பெரிதாகப் போட்டு ரோட்டு முனையில் பேனரும் கட்டிவிட்டார்கள். முதல்நாள் மத்தியானம் தோளில் கிட்டாரோடு வந்து இறங்கினாள். அம்முலு பின்பக்கத்தில் ஏரி மீனைச் சாம்பல் போட்டு உரசிக்கொண்டிருந்தாள்.

"வா. சோறு துன்னியா?"

"பஸ் ஸ்டாண்டுல ரெண்டு இட்லி துன்னேன். இன்னா அண்ணி, எளச்சு கீற? நடவுக்குப் போலியாமே, சொக்கம்மா சொல்லுச்சு."

"போல."

"ஒடம்பு சரியில்லயா?"

அம்முலு ஒரு மீனை எடுத்துத் துடுப்பை வெட்டினாள். "எஸ்தர பள்ளிக்கூடத்துல கேட்டுகீறாங்க. உங்கம்மாதான் தாப்பா போட்டாங்களான்னு. என்னாண்ட வந்து கேக்குது. ஏம்மா தொறக்கலன்னு கேக்குது. நான் இன்னா சொல்ல, நீயே சொல்லு."

சுகிர்தா கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு அவளுக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"நான் ஒன்ன குத்தம் சொல்லி எழுதல அண்ணி. சத்தியமா. அந்தக் கையி நின்னுக்கினு இருந்துச்சே, அத்த நெனச்சுத்தான் எழுதுனேன். எழுதக்குள்ள எப்டி அழுதேன் தெரியுமா?"

"அழுதிருப்ப. எனுக்குத் தெரியும் ஒன்ன. ஆனா அந்தக் கையி ஏன் நின்னுச்சு? அத்த எழுதுனியா?"

சுகிர்தா சாம்பலில் கிடந்த மீன் ஒன்றை எடுத்துச் சட்டியில் போட்டாள்.

"பொழுதோட ஒரு தபா வந்து வெறகுக் கட்டையால அடிச்சிட்டுப் போனான். புள்ள மேல அடி உயப்போச்சு, கைய குடுத்து நிறுத்துனேன். அப்புறம்தான் தாப்பா போட்டேன். திரும்ப வந்தான். தொறந்தா இன்னா ஆவும், தொறக்கலன்னா இன்னா ஆவும்னு நின்னுக்கினு இருந்தேன். இத்தயும் சேத்துத்தான ஒன்னாண்ட சொன்னேன்?" அம்முலு மீன் செதில் ஒட்டிய வலக்கையை நீட்டினாள். சுண்டு விரலும் அடுத்த விரலும் மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தன. "மூணு வெரலாலதான் நாத்து ஊணறேன். அத்த ஏன் உட்ட? ராகத்துக்கு வரலியா?"

"அவன் என் அண்ணன், அண்ணி... எனுக்கு மொத மொத கிட்டார் வாங்கிக் குடுத்தவன். செத்துப் போயிட்டான். அவன அடிக்கிறவன்னு எப்டி பாடுவேன்?"

"எனுக்கு மட்டும் அவன் ஒண்ணும் பண்ணலியா? மாகறல் திருநாளுக்குப் புள்ளையத் தோள்ல உக்கார வெச்சிக்கினு, என் செருப்ப கையில தூக்கிக்கினு வந்தவன். குடிக்காத அன்னிக்கு அவன் மாதிரி ஆளு கெடையாது. நானும்தான் அவனுக்கு அழுவுறேன். ஒனுக்கு அண்ணன் நல்லவனா இருக்கணும்னா என்ன மொட்டையா நிக்க உட்டுடுவியா?"

கட்டிலிலிருந்து வேதகிரியின் போனில் பாட்டு ஆரம்பித்தது. சுகிர்தா எழுந்தாள்.

"உக்காரு" என்றாள் அம்முலு. "அவரு போட்டுக்கினுதான் இருப்பாரு. பழகிப்போச்சு."

அன்று மாலை சுகிர்தா ஏரிக்கரைக்குப் போனாள். தண்ணீர் வற்றி, கலங்கல் கல் காய்ந்து வெள்ளையாகக் கிடந்தது. அண்ணி சொன்ன ஒவ்வொரு சொல்லும் நெஞ்சில் முள்ளாக நின்றது. அங்கேயே உட்கார்ந்து பழைய மெட்டில் புதிதாக ஓர் அடி கட்டினாள். வார்த்தைகள் சுலபமாக வந்தன. இத்தனை நாள் அவை தொண்டையிலேயே இருந்திருக்க வேண்டும். மனம் லேசானது போல இருந்தது. அண்ணியிடம் சொல்லவில்லை. மேடையிலேயே கேட்கட்டும் என்று நினைத்தாள்.

பண்டிகை அன்று கோவில் முன்னால் பந்தல் போட்டு, படைத்த பூசணிக்காயையும் கோழியையும் வாழைத்தாரையும் ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஏலத்துக்கு நடுவில் சுகிர்தாவை அழைத்தார்கள். முன்வரிசை நாற்காலியில் வேதகிரி வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். அம்முலு தண்ணீர்க் குழாய் அருகே, மகள் எஸ்தரின் தோளைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

வேறு இரண்டு பாட்டு பாடிவிட்டு சுகிர்தா 'தாப்பா'வைத் தொடங்கினாள். தொடங்கியதுமே பந்தல் முழுக்கக் கூடப் பாடியது. அக்கம்பக்கத்து ஊரிலிருந்து வந்த இளசுகள் போனை உயரத் தூக்கினார்கள். கடைசி அடி முடிந்தும் அவள் கிட்டாரை நிறுத்தவில்லை.

*தாப்பா மேல வெச்ச கையி*
*வீங்கி வெரலு மடங்காம இருந்துச்சு*
*வீங்க வெச்ச கையிதான*
*வெளிய நின்னு கதவத் தட்டுச்சு*

கூடப் பாடிக்கொண்டிருந்தவர்களுக்கு வார்த்தை தெரியவில்லை. ஒவ்வொருவராக நின்றார்கள். சுகிர்தாவின் குரல் மட்டும் கேட்டது.

*அண்ணன்னு நானும் வாய மூடிக்கினேன்*
*அண்ணி கைய பாதிதான் பாடுனேன்*

யாரும் கை தட்டவில்லை. வேதகிரி நாற்காலியின் கையைப் பிடித்து மெல்ல எழுந்து, இடுப்பைத் தாங்கியபடி பந்தலை விட்டு வெளியே போனார். "செத்தவனப் பத்தி கோயிலாண்ட வந்து பாடுற பாட்டா இது?" என்றது ஒரு குரல். "அடிக்காத ஆம்பள எவன் கீறான்? அதுக்காவ கதவத் தொறக்காம உட்டுடுவாங்களா?" என்றது இன்னொன்று. சொன்னது ஒரு பெண். சபைப் பெரியவர் மைக்கை வாங்கி, பூசணிக்காய் ஏலத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். சுகிர்தா குழாயடியைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

வீட்டுக்கு ஓடினாள். வேதகிரி வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"எம்புள்ள அந்தப் பாட்டுலதான் உசுரோட இருந்தான். அதுலயும் சாவடிச்சிட்ட."

"நைனா, நடந்ததத்தான் பாடுனேன்."

"நடந்தது எனுக்குத் தெரியாதா? அவன் அடிக்கிறப்போ சொவுத்துக்கு இந்தாண்ட நான் படுத்துக்கினுதான இருந்தேன்." தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

உள்ளே அம்முலு ஒரு பையில் துணியை அடுக்கிக்கொண்டிருந்தாள். எஸ்தர் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றது.

"எங்க போற அண்ணி?"

"வாலாஜாபாத்துக்கு. முனியம்மா இருக்குதே, எங்க சித்தி பொண்ணு, அது ரைஸ் மில்லுல கீது. ஆளு வோணும்னு சொல்லிக்கினே இருந்துச்சு."

"நீ கேட்டதத்தான பாடுனேன்? அத்த ஏன் உட்டன்னு நீதான கேட்ட?"

அம்முலு துணியை அடுக்குவதை நிறுத்தினாள்.

"ஒன்னாண்ட கேட்டேன். ஊராண்ட சொல்லச் சொன்னனா? தாப்பாவ பாடுறப்பவும் என்னக் கேக்கல. இப்பவும் கேக்கல. வீங்குனது என் கையி சுகிர்தா. அத்த வெளிய காட்றதா, முந்தானைல மூடிக்கறதான்னு நான்தான சொல்லணும்? அத்தினி பேரும் திரும்பி என் கையப் பாத்தாங்க. நான் எங்க கொண்டு போயி அத்த வெக்கிறது?"

"ஒனுக்காவத்தான் அண்ணி..."

"மொத தபாவும் எனக்காவ அழுதுக்கினுதான் எழுதுன."

பையைத் தூக்கிக்கொண்டாள். வாசலில் மாமனார் முன்னால் கொஞ்சம் நின்று, "அடுப்பு மேல கொழம்பு கீது மாமா, சூடு பண்ணித் துன்னு" என்றாள். வேதகிரி கண்ணைத் திறக்கவில்லை. பேத்தி தெருமுனை திரும்பிய பிறகு திறந்தார்.

பந்தலில் பிடித்த வீடியோக்கள் அன்றே பரவிவிட்டன. அண்ணனை இழிவுபடுத்தியவள் என்று பாதிப் பேர் திட்டினார்கள். துணிச்சல்காரி என்று பாதிப் பேர் கொண்டாடினார்கள். டேனியல் விடாமல் கூப்பிட்டான்.

"பெரிய மேடை சுகிர்தா. புது அடியோட பாடணும்னு கேக்குறாங்க. இந்த மாதிரி ஒரு வாய்ப்புக்குத்தான இத்தன வருஷமா அலைஞ்சோம்?"

"பாடல டேனி. பழசையும் எடுத்துடு."

"நான் எடுத்துடறேன். ஆனா ஊரெல்லாம் வெச்சிருக்கிறத எப்படி எடுப்ப? யார் யாரோ பாடி வேற போட்டிருக்காங்க."

"நம்மளது மட்டும் எடுத்துடு."

எடுத்துவிட்டான். அதனால் ஒன்றும் ஆகவில்லை. பஸ்ஸில் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. சுகிர்தா ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு வந்தாள். அப்பாவுக்குச் சமைத்துப் போட ஆள் இல்லை. வேதகிரி அவள் வைத்த சோற்றைத் தின்றார். அவளிடம் பேசவில்லை. போனை அணைத்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டார். கிட்டாரை எடுத்தால் அவர் திரும்பிப் படுத்துக்கொள்வார் என்பதால் அவளும் எடுக்கவில்லை. எடுத்தாலும் என்ன பாடுவது? மனதில் எந்த வரி எழுந்தாலும் அதில் யாரோ ஒருவருடைய முகம் இருந்தது. அவரைக் கேட்டேனா என்று தோன்றியதும் வரி நின்றுபோயிற்று. பங்குனி பிறந்ததும் மறுபடி கம்பெனி பஸ்ஸில் ஏறினாள்.

ஒரு விடுமுறை நாளில் எஸ்தருக்கு ஒரு பாவாடை சட்டை வாங்கிக்கொண்டு வாலாஜாபாத் போனாள். ரயில்வே கேட்டைத் தாண்டி, மில்லின் உமிப் புகை நாற்றத்தைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். சிமெண்டுக் களம் முழுவதும் அவித்த நெல்லைப் பரப்பியிருந்தார்கள். பெண்கள் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நெல்லைக் கிளறியபடி நடந்தார்கள். அம்முலுவும் அவர்களில் ஒருத்தியாக நடந்துகொண்டிருந்தாள். வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

சுகிர்தாவைப் பார்த்ததும் அவள் முகம் சட்டென்று இறுகியது. சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"மாமா எப்டி கீறாரு?" என்றாள், களத்தை விட்டு வராமலே.

"கீறாரு. எஸ்தர் எங்க?"

"பள்ளிக்கூடத்துல சேத்துட்டேன். முனியம்மா வூட்டாண்ட வெளயாடிக்கினு கீது. இங்க யாரும் ஒண்ணும் கேக்கறது இல்ல. வூட்டுக்காரரு மஞ்சக் காமாலையில போயிட்டாருன்னு சொல்லி வெச்சிகீறேன்." அம்முலு குரலைத் தாழ்த்தினாள். "கெடுத்துடாத."

அதற்குள் கூட வேலை செய்கிற ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அருகில் வந்துவிட்டாள். பல் நிறைய வெற்றிலைக் காவி. சுகிர்தாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"அம்முலு, யாரு இது? எங்கியோ பாத்த மாதிரியே கீது. போன்ல வருமே ஒரு பாட்டு, தாப்பா பாட்டு, அத்தப் பாடற பொண்ணு இல்ல?"

களத்தில் இன்னும் இரண்டு பேர் திரும்பினார்கள். அம்முலுவின் கை முந்தானைக்குள் இன்னும் உள்ளே போனது. அவள் சுகிர்தாவைப் பார்க்கவில்லை. கீழே நெல்லைப் பார்த்தாள்.

"இல்லக்கா" என்றாள் சுகிர்தா. "நான் இவங்க ஊரு. கம்பெனில வேல செய்றேன்."

"கொரலு கூட அப்டியே கீதே. எங்க, ரெண்டு வரி பாடு பாக்கலாம்."

"எனுக்குப் பாட்டே வராதுக்கா."

அந்தப் பெண் இன்னும் கொஞ்சம் அவள் முகத்தைப் பார்த்தாள். "அதான. அவளாம் இன்னேரத்துக்கு ஏசி கார்ல போய்க்கினு இருப்பா. இந்த வெயில்ல எதுக்கு வந்து நிக்கப் போறா" என்று சிரித்துவிட்டு நெல்லுக்குத் திரும்பினாள். போகும்போதே அந்தப் பாட்டை எடுத்துவிட்டாள். மெட்டு சரியாக இருந்தது. இரண்டாவது வரியை மாற்றிப் பாடினாள். மூன்றாவது வரி ஞாபகம் வராமல், மறுபடி முதல் வரிக்கே போனாள்.

சுகிர்தா நின்ற இடத்திலேயே நின்றாள். வெயில் கண்ணில் ஏறியது. வாங்கி வந்த துணிப் பொட்டலத்தை மார்போடு பிடித்திருந்தாள்.

"மேஸ்திரி பாக்கறான்" என்றாள் அம்முலு மெதுவாக. "சும்மா நிக்காத. செருப்பக் கயட்டிட்டு வா."

சுகிர்தா பொட்டலத்தைச் சுவரோரம் வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினாள். களம் காலைச் சுட்டது. சட்டென்று தூக்கி மறுபடி வைத்தாள்.

"காலத் தூக்கி வெக்காத. இழுத்துக்கினே வா. அடியில கீற நெல்லு மேல வரணும்."

அம்முலு முன்னால் நடந்தாள். அவள் கால் நெல்லில் இழுத்த தடத்தை ஒட்டி சுகிர்தாவும் காலை இழுத்துக்கொண்டு, களத்தின் அந்தக் கோடி வரைக்கும் வாய் திறக்காமல் நடந்தாள்.